பெயர் சொல்லாமல் கொடுத்த புகார்

ஜெயபுஷ்பம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைப்பவள். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் ஏறி வருவாள். புருஷன் போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் அவள் வீட்டுக்குச் சோறு போட்டது. கர்த்தர் கொடுத்த இடம் என்றே அதை நினைத்திருந்தாள்.

பக்கத்து மெஷினில் ஹுமேரா, பிள்ளைத்தாய்ச்சி. பாத்ரூம் போகக் கேட்டால் சூப்பர்வைசர் கோவிந்தராஜ், "இன்னா, உன் பீஸை யாரு தைப்பா, உன் மாமியாரா?" என்பான். ஒருநாள் அந்தப் பெண் அடக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துபோய் அழுதது. ஜெயபுஷ்பத்துக்கு மனசு ஆறவில்லை.

புகார் சொல்ல கம்பெனி ஒரு வெப்சைட் வைத்திருந்தது. எழுதத் தெரியாவிட்டால் போனில் பேசினாலே பதிவாகிவிடும். "பேரே வேணாம். மேனேஜரைத் தவிர யாரும் கேக்க முடியாது" என்று கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். தான் சொன்னது வெளியே தெரிந்தால் மெஷின் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எதையும் ஜெபத்தோடு தொடங்கியே பழகியவள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, இந்த லைன் பிள்ளைங்களை ஆசீர்வதியும்" என்று ஆரம்பித்துத்தான் நடந்ததைச் சொன்னாள். காலையில் மெஷினில் உட்காரும்போது அவள் வாய்விட்டுச் சொல்லும் அதே ஜெபம். அந்த லைனில் தைப்பவர்கள் எல்லோரும் தினமும் கேட்பது.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் கோவிந்தராஜ் தன் போனில் அவள் குரலைச் சத்தமாக ஓடவிட்டான். "எல்லாரும் ஆமென் சொல்லுங்கம்மா!" என்றான். சிலர் சிரித்தார்கள்.

ஹுமேரா பதறி எழுந்தாள். "நான் சொல்லச் சொல்லலை சார். புஷ்பக்கா தானா போய்ச் சொல்லிச்சு."

ஜெயபுஷ்பம் மேனேஜர் சாந்தகுமாரிடம் போனாள்.

"நாங்க யாரும் குடுக்கலைம்மா. வெப்சைட்டை ஓட்டுற சாப்ட்வேர்ல ஒரு ஓட்டை. வாசல்ல பாஸ்வேர்டு கேக்கும். ஆனா உள்ள இருக்கிற பைலோட லிங்கை நேரா போட்டா, நீ யாருன்னு கேக்காமலே திறந்துடுச்சு. இப்ப சரி பண்ணிட்டோம்."

"எல்லாரும் கேட்டுட்டாங்களே சார்?"

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அந்த ஆளை விசாரிச்சீங்களா?"

"எப்படிம்மா? புகார்ல குடுத்தவங்க பேரே இல்லையே. அந்தப் பொண்ணும் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிடுச்சு."

திங்கட்கிழமை அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜெயபுஷ்பத்தைப் பசை தடவும் செக்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நெடியில் பகலெல்லாம் தலை வலிக்கிறது.

கோவிந்தராஜ் இப்போது யாரையும் தடுப்பதில்லை. பாத்ரூமுக்குப் பசை செக்ஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹுமேரா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் பாராமல் போய்விட்டு வருகிறாள்.