அம்மன் ஏறிய படகும் மதினியின் கம்பிவலையும்

நீராய் நிறைந்தும் நெருப்பாய் எழுந்தும் இந்த வறண்ட நிலத்தைக் காத்து நிற்கும் தாயே, நின் திருவடிக்கு முதல் வணக்கம். இன்று மாசி மகம். முழுநிலவும் மக நட்சத்திரமும் கூடிய இந்த நன்னாளில், என் அண்ணன் மனைவியாகிய மதினியைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். அவர் இல்லாத முதல் மாசி மகம் இது. நினைத்ததும் கண்முன் வருவது, ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஈரச் சேலையோடு நின்று, கரி படிந்த ஒரு பித்தளைக் குழாயை வானம் நோக்கிப் பிடித்திருந்த அவருடைய இரு கைகள்தாம்.

அணை நிறைகிற ஆண்டில் எங்கள் அம்மன் நீர்வழியே எதிர்க்கரை மண்டபத்துக்கு எழுந்தருள்வாள். நிறையாத ஆண்டில் டிராக்டரில் சாலை சுற்றிப் போவாள். பெரும்பாலும் டிராக்டர்தான். ஆயினும் என் அண்ணன், தூத்துக்குடிப் பக்கத்தில் மீன்பிடித்து ஓய்ந்த, உள்ளேயே டீசல் எஞ்சின் பொருத்திய படகு ஒன்றை வாங்கி வந்து கரையில் ஏற்றி வைத்தார். ஊர் சிரித்தது. தண்ணீர் வருவதற்கு முன்பே அண்ணன் போய்ச் சேர்ந்தார். "அணை நெறஞ்சா, ஆத்தா என் போட்டுலதான் போகணும்" என்பதே அவர் மதினியிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து ஒரு கார்த்திகையில் மழை நின்று பெய்தது, அணை நிறைந்தது. மதினி தூத்துக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, தானே ஓட்டவும் பழகிக்கொண்டார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் கண்காணியாக இருந்தவர் மதினி. லோடு ஏற்ற வரும் எந்த வண்டியானாலும், புகைக்குழாயில் பொறி தடுக்கும் கம்பிவலை இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஓட்டுநர்கள் கெஞ்சினாலும் முதலாளி பெயரைச் சொன்னாலும் அசையமாட்டார். அம்மன் புறப்படும்போது கரையெங்கும் வெடிக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அல்லவா? மெக்கானிக் ஊர் திரும்பியதும், வண்டிகளுக்கு வலை பற்றவைக்கும் பட்டறைக்காரரை அழைத்துப் படகின் புகைக்குழாயிலும் ஒரு வலையை வைக்கச் சொன்னார். எங்கள் ஊரில் அதை யாரும் விந்தையாக நினைக்கவில்லை. வலையில்லாத எஞ்சினை நாங்கள் கதவில்லாத வீடாகத்தான் பார்ப்போம்.

மகத்துக்கு முந்தைய நாள் காலை மதினி சாவியைத் திருப்பினார். 'டொக்' என்ற ஓசையோடு எஞ்சின் இறுகி நின்றது. அளவுக்கம்பியை உருவினால், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. அதற்கு முந்தைய மாலைவரை நன்றாக ஓடிய எஞ்சின். செய்தி கேட்டு மெக்கானிக் பேருந்து பிடித்து ஓடிவந்தார். பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"எஞ்சினுக்குள்ள தண்ணி எறங்கியிருக்குக்கா. தண்ணிய உள்ள விடாம அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கணும். கழட்டி ஊருக்குத்தான் கொண்டு போகணும்."

தர்மகர்த்தா குடையை ஊன்றியபடி நின்றிருந்தார். "விடும்மா. டிராக்டருக்குச் சொல்லிருவோம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

"அவ கோவிச்சுக்க மாட்டா மாமா. அவுக கோவிச்சுக்குவாக" என்றார் மதினி, மறைந்த கணவரைக் குறித்து. "பொழுது சாயட்டும். அதுக்குப் பெறகு டிராக்டரு."

கம்பெனியில் ஏதேனும் பிசகினால் எவரையும் எதையும் தொடவிடாமல், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று மட்டும் கேட்பது அவர் வழக்கம். அப்படியே படகிலிருந்து இறங்கிக் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை; மனத்துக்குள் பாசுரம் ஓதிக்கொண்டிருந்தேன். பிறகு, மாறியது என்ன என்று அவரே சொன்னார்: இத்தனை நாளும் படகின் வால் கரைப்பக்கம் இருந்தது. நேற்று மாலைதான், அம்மன் ஏறுவதற்கு வாகாக, மூக்கைக் கரைப்பக்கமும் வாலை அணைநீர்ப் பக்கமும் திருப்பிக் கட்டினோம். இரவெல்லாம் எதிர்க்காற்று அலையை வாலில் அடித்திருக்கும். புகைக்குழாய் முடிவதும் அந்த வாலில்தானே?

மெக்கானிக் தலையசைத்தார். "அதுக்குத்தானக்கா குழாய்க்குள்ள செக் வால்வு இருக்கு. புகையும் தண்ணியும் வெளிய போகும், எதிர்த் தண்ணி உள்ள வராது."

"வராதுன்னு யாரு பாத்தா?"

மெக்கானிக் ரப்பர் குழாயின் இறுக்கிகளைக் கழற்றத் தொடங்கினார். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தெரிந்தவர்களுக்கு அந்தப் பொருள் எளிதில் விளங்கும். பித்தளைக் குழாய் ஒன்று, அதனுள் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் நாக்கு, அவ்வளவுதான். புலன்களாகிய வாயில்களைக் காக்கவேண்டும் என்று நாளெல்லாம் ஓதும் எனக்கு, காவல் என்பது இத்தனை சிறிய தகட்டில் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. வெளிப்புற வாய் மேலே இருக்கும்படி மதினி அதை உயர்த்திப் பிடித்தார்.

"கொழுந்தனாரே, ஊத்துங்க. நின்னா வால்வு நல்லாருக்கு. எறங்குனா இதான் திருடன்."

செம்பு நீரைச் சாய்த்தேன். ஒரு கணமும் நிற்கவில்லை. அவர் சேலையை நனைத்துக்கொண்டு காலடியில் இறங்கியது. மெக்கானிக் உள்ளே விரலை விட்டுத் துழாவினார். கெட்டியான கரிக்கட்டி வந்தது. அதை உடைத்தால், உள்ளே முறிந்த கம்பித் துண்டுகள். அவை நாக்கின் அடியில் செருகிக்கொண்டு, அதை மூடவிடாமல் செய்திருந்தன.

மதினி அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது நம்ம வலை. முறிஞ்சு புகையோட வந்து இங்க சிக்கியிருக்கு" என்றார்.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "எஞ்சின் சூட்டத் தணிச்ச தண்ணியோட கலந்து போற புகையில பொறி எங்கக்கா வரும்? பட்டாசு ஊர்க்காரக கொளத்துக்கே காவல் போடுவீக போல!"

"போடுவோம்லே. போடாம விட்ட வீட்டை வந்து பாரு, சிரிப்பு வருதான்னு."

அவர் சிரிப்பு அடங்கியது. மதினியின் குரலில் கடுமை இல்லை. ஆனால் அந்த வலையை எடுக்கச் சொல்ல அவர் எவ்வளவு தயங்கினார் என்பதை அருகிலிருந்த நான் அறிவேன். கடைசியில், "அறுத்து எடுத்துரு. பொறி இல்லைங்கிறத என் கையால பாத்துக்கிறேன்" என்றார்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. வலையை அறுத்து எடுத்தார்கள். நாக்கைத் தேய்த்துத் துலக்கி மறுபடி நீர் ஊற்றினோம். தளும்பி நின்றதே தவிர ஒரு சொட்டும் கசியவில்லை. மெக்கானிக் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்ற, உள்ளே தேங்கியிருந்த நீர் பீய்ச்சி அடித்தது. எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றி, சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து மாற்றினார்கள். மறுபடி கிளப்பியபோது கரும்புகை கக்கி, இருமி, பிறகு ஒரே சீராக முழங்கியது எஞ்சின். மதினி படகின் வாலுக்குப் போய்ப் புகைக்குழாயின் வாயில் வெறுங்கையை நீட்டினார். நீரும் வெதுவெதுப்பான புகையும் விரலிடுக்கில் வழிந்தன. பொறி எதுவும் இல்லை.

எஞ்சினை நிறுத்தியதும் நான் படகின் வாலைக் கரைப்பக்கம் திருப்பக் கயிற்றை அவிழ்த்தேன். மதினி தடுத்தார்.

"திருப்பாதீக. ராத்திரி பூரா அலை வாங்கட்டும், வால்வு தாங்குதான்னு பாப்போம். கேஸ்கட்டும் போயிருந்தா காலையில தெரிஞ்சிரும். அம்மன ஏத்திக்கிட்டு நடுத்தண்ணியில தெரியவேண்டாம்."

மகத்தன்று காலை அளவுக்கம்பியில் எண்ணெய் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர் பெற்றது. மேளம் முழங்க, வெடிகள் அதிர, அம்மன் படகில் ஏறினாள். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு படகு அணையின் நடுவே சென்றபோது, பட்டும் மாலையும் பொலிந்த அந்தத் திருமுகத்தைக் கண்டு என் கண்கள் நிறைந்தன. மதினியோ முகத்தைத் திருப்பவே இல்லை. சுக்கானை ஒரு கையில் பற்றி, வாலில் புகையோடு வழியும் நீரை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கற்ற பாடல்களில் அப்படியொரு வழிபாட்டைக் கண்டதில்லை.

எதிர்க்கரையில் அம்மனை இறக்கி மண்டபத்தில் அமர்த்தினார்கள். தீபாராதனை தொடங்கும்போது தர்மகர்த்தா கரையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏம்மா, மொத தீபம் ஒனக்குத்தான். எறங்கி வா."

எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. மதினி அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"நீங்க பாருங்க மாமா. அவ வந்து சேந்துட்டா. இனி வீடு திரும்பணும்ல."

அன்று அம்மனைச் சேதமின்றிக் கரை சேர்த்த அந்தக் கைகளை நினைத்து இதைப் படிக்கும் அனைவர்க்கும், குளங்கள் நிறைக. அடுப்பில் அன்றி வேறெங்கும் தீ எழாதிருக்க. புறப்பட்டவர் எல்லாரும் வீடு திரும்புக. அன்னையின் அருள் என்றும் துணை நிற்க.