செருகாத டிஸ்க்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்து விரட்டுகிற ஆள் நான். எட்டாம் வகுப்பில் மூன்று வருடம் குந்தியிருந்து அத்தனை வாத்திமாரையும் பயமில்லாமல் பார்த்தவன், பேயையா பார்த்துப் பயப்படப் போகிறேன்? நீங்களும் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், ஆனால் இது நடந்தது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் நானும் சிவாவும் சேர்ந்து ஸ்டூடியோ வைத்திருந்தோம். நான் படம் பிடிப்பேன், கம்ப்யூட்டர் அவன் பொறுப்பு. ஆட்கள் கொண்டு வருகிற பென்டிரைவில் வைரஸ் வருகிறது என்று அவன்தான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டான், நான் அதை ஏதோ குளிக்கிற புதுச் சவர்க்காரம் என்று நினைத்தேன். படங்களெல்லாம் யூ.எஸ்.பி.யில் செருகுகிற ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அதற்கு அவன் வைத்த பெயர் 'சிவாமணி'. மணி நான்தான். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அன்று மத்தியானம் சிவா வரவில்லை, டிஸ்கும் மேசையில் இல்லை. மகள் கல்யாணத்துக்கு எங்களைப் படம் பிடிக்க வைத்த ராசிக் நானா வந்து நிற்கிறார்.

"தம்பி, மகள் இண்டைக்கி ராவு பிளேன் ஏறப்போற. அந்த கலியாண போட்டோவ தந்திருங்களே."

கம்ப்யூட்டரைப் போட்டேன். பாதியில் ஒரு இங்கிலீஷ் வரியோடு உறைந்துவிட்டது. நானா வாசித்துச் சொன்னார்: "சிவாமணி வரும் வரைக்கும் இது நகராதாம்."

சிவாவுக்குக் கோல் எடுத்தேன்.

"காய்ச்சல் மச்சான், வீட்டுல படுத்திருக்கேன். டிஸ்க் என்கிட்டத்தான் இருக்கு. யூ.எஸ்.பி.ல உள்ளதெல்லாம் கழட்டிட்டு ஓஃப் பண்ணிப் போடு, சரியாயிரும்."

மவுஸ், கீபோர்ட், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். மறுபடியும் அதே வரி. கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் போல என்று பகிடி விட்டு முடிக்கவில்லை, வரி நகர்ந்தது. சிவாமணி கிடைத்துவிட்டதாம், நானாதான் வாசித்தார். குனிந்து பின்பக்கம் பார்த்தேன், ஓட்டைகளெல்லாம் காலி. நிமிர்ந்தால், மவுஸே இல்லாமல் ஒரு படம் திரை முழுக்க விரிந்து கிடக்கிறது.

சிவா. புதுச் சட்டை, கையில் கத்தரிக்கோல், முன்னால் சிவப்பு ரிப்பன். பின்சுவரில் 'சிவா ஸ்டூடியோ' என்று பெரிதாக எழுதியிருந்தது. மணி எங்கேயும் இல்லை.

"இது கண்டியில, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்கட மச்சான் வாடகைக்கி குடுத்த கடையாச்சே" என்றார் நானா.

திரீவீலரில் போய் இறங்கி ஷட்டரைத் தட்டினோம். சிவா திறந்தான். அதே சட்டை, காய்ச்சல்காரன் நெற்றியில் சந்தனப் பொட்டு. எங்கள் டிஸ்க் அவன் மேசையில். நானாவுக்கு மகளின் படங்கள் கிடைத்தன.

"சொல்லியிருந்தா நானே வந்து ரிப்பனப் புடிச்சிருப்பேனேடா" என்றேன். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

அவன் திருப்பிக் கேட்டான்: "ஒனக்கு யாருடா சொன்னது?"

"நீ ரிப்பன் வெட்டுற போட்டோவப் பாத்தேன்."

"போட்டோவா? ஒன் காதுக்குப் போயிரும்னுதான் நல்ல நேரத்துக்கு ஷட்டர மூடிட்டு தனியா வெட்டுனேன். உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. யாரு எடுத்தா?"

கட்டுகஸ்தோட்டையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் எடுக்கிற படமெல்லாம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், அதற்காக நான் வாங்காத ஏச்சில்லை. அந்தப் படமும் அதே அளவு சாய்ந்திருந்தது. இன்றைக்கும் கேமராவைக் கண்ணில் வைக்குமுன் ஒருதரம் குனிந்து காலைப் பார்த்துக்கொள்கிறேன், இங்கேதான் நிற்கிறேனா என்று.