இலையை மறைத்துப் பார்த்தவள்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில், திருவாரூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. நானும் என் தோழியும் அப்போது நாகப்பட்டினம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருடம். அவள் நாகூர்க்காரி. முதல் வருடம் லேபில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்ததில் ஆரம்பித்த சிநேகம். நான் வாயாடி, அவள் பேச்சில் கஞ்சம். அதனாலேயே எங்களுக்குள் சண்டை வராது என்று எல்லோரும் சொல்வார்கள்.

வகுப்பே ஐ.டி. கம்பெனி, கேம்பஸ் இன்டர்வியூ என்று ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்கும் மட்டும் ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்திருந்தது. வெளியூரில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் எம்.எஸ். என்று ஒரு ஆராய்ச்சிப் படிப்பு. எம்.டெக். மாதிரி பாடம் படித்துப் பரீட்சை எழுதி வெளியே வரும் சமாசாரம் இல்லை. ஒரு பேராசிரியரிடம் சேர்ந்து, விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதோடு இரண்டு மூன்று வருடம் மல்லுக்கட்ட வேண்டும். இடங்களோ கொஞ்சம். எங்கள் மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் இருந்த ஒரே துருப்புச் சீட்டு, நாங்கள் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்தான்.

எனக்கு ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்ததால் பெரிய பயம் இல்லை. அவள் தனக்குக் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். துபாயில் இருக்கும் அவளுடைய வாப்பா, "ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாரும்மா, இல்லன்னா அப்புறம் வேலை தேடிக்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு தடவைதான் அவள் கையில் இருந்தது.

ப்ராஜெக்ட் இதுதான். நெற்பயிரைப் படம் பிடித்துக் கொடுத்தால், இலைக்கருகல் நோய் இருக்கிறதா இல்லையா என்று கணினி சொல்ல வேண்டும். சம்பா பருவத்தில் என் சித்தப்பா வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் சேற்றில் இறங்கி, போனில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தோம். நோய் வந்த பயிர் ஒரு பக்கம், நல்ல பயிர் ஒரு பக்கம். கணினிக்கு அவற்றைக் காட்டிப் பழக்கினோம். அது பார்க்காத படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. கல்லூரியில் எங்களுக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். எழுத்துத் தேர்வு முடிந்து நேர்காணலுக்கும் அழைப்பு வந்துவிட்டது. நான் நேர்காணலுக்கு என்ன சுடிதார் போடுவது என்ற நிலைமைக்கு வந்திருந்தேன்.

அன்று காலை அவள் போன்கூடச் செய்யாமல் நாகூரிலிருந்து ரயிலேறி வந்து நின்றாள். அம்மா வைத்த இட்லியைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். எங்கள் வயல் படம்தான். ஆனால் இலைகள் இருந்த இடமெல்லாம் கறுப்பாக அடித்து மறைத்திருந்தாள். பயிரே தெரியவில்லை. அதற்குக் கீழே கணினியின் பதில்: நோய் உண்டு.

"இலைய மறைச்சாச்சு. அப்புறம் எதப் பாத்துடி சொல்லுது?" என்றேன்.

"அதான் ராத்திரி பூரா யோசிச்சேன். நோய் வந்தா உங்க சித்தப்பா என்ன பண்ணுவாரு?"

"வயல்ல தண்ணிய வடிச்சிடுவாரு. யூரியாவ நிறுத்திடுவாரு."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இலைக்கருகல் கண்டால் எங்கள் பக்கம் முதல் வேலையாகத் தண்ணீரை வடிப்பார்கள். அதனால் நாங்கள் எடுத்த நோய்ப் படங்களிலெல்லாம் கீழே வெறும் சேறு. நல்ல பயிர் படங்களிலெல்லாம் கீழே தண்ணீர் பளபளத்தது. எங்கள் அதிமேதாவிக் கணினி இலையைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நோயைச் சொல்லியிருக்கிறது. வயல்காட்டிலேயே வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று யோசித்து, யாரும் கேட்பதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொண்டவள் அவள்.

எனக்கு வந்தது கோபம்தான். "இன்டர்வியூ முடிஞ்சு கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா நீ?" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, லேப்டாப் ரிப்பேரா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

திருத்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வந்து, நட்டு, பயிர் வளர்ந்து, நோயும் வந்தால்தான் புதுப் படம் எடுக்க முடியும். நேர்காணல் அதற்கு வெகு முன்னால் முடிந்துவிடும்.

எனக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. ஒருவேளை அவள் மறைத்த விதத்தில் தப்போ? நீடாமங்கலம் பக்கம் பம்புசெட் வைத்து முன்னதாகவே குறுவை நட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போய்ச் சோதித்துவிடலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு வயலில் பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. உரம் போடுவதற்காகத் தண்ணீரை வடித்திருந்தார்கள். வயல்காரரிடம் சொல்லிவிட்டுப் படம் எடுத்தோம். லேப்டாப்பில் போட்டோம். நோய் உண்டு. அடுத்த படம், நோய் உண்டு. எந்தப் படத்தைப் போட்டாலும் அதே பாட்டுதான்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வயல்காரர் பதறிப்போனார்.

"என்னம்மா இது, நோயின்னு போட்டிருக்கு?"

"இல்லங்க, பயிரு நல்லாத்தான் இருக்கு. எங்க ப்ரோகிராம் தப்பாச் சொல்லுது" என்றாள் அவள்.

"கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுமா? நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுமுல்ல?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து உரக்கடைக்கு அடித்துவிட்டார். "தம்பி, இலைக்கருகலுக்கு மருந்து இருக்கா? இப்பவே ஆள அனுப்புறேன்."

அவள் வரப்பிலிருந்து இறங்கி, சேற்றில் நடந்து போய், ஒரு பயிரைப் பிடித்து இலை இலையாக விரித்துக் காட்டினாள். "நீங்களே பாருங்க. நுனி காஞ்சிருக்கா? ஓரம் மஞ்சளா இருக்கா? இத்தன வருஷம் நீங்க பாத்து வளக்குற பயிரு. இந்த லேப்டாப்ல இருக்குறத நாங்கதான் செஞ்சோம், நாங்களே சொல்றோம், இது பொய் சொல்லுது." அவ்வளவு பேசி அவளை நான் பார்த்ததே இல்லை. அவர் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். கடைசியில், தண்ணீர் நின்ற பக்கத்து வயலைப் படமெடுத்து, அதில் 'நோய் இல்லை' என்று வந்ததைக் காட்டி, தண்ணீர் விஷயத்தை அவள் விளக்கிய பிறகுதான் மனிதர் சிரித்தார். மறுபடி கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். கல்லூரியில் எங்களுக்கு வழிகாட்டிய சாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, "இன்டர்வியூல கேட்டா சொல்லுங்க, கேக்கலன்னா விட்டுடுங்க" என்றிருந்தார். அதை அவளிடம் சொன்னேன்.

"ப்ராஜெக்ட்ல உன் பேரும் இருக்குடி. நீ வேணாம்னா நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா நான் இன்டர்வியூக்குப் போகல. நீ போ. எனக்கு இத வச்சுக்கிட்டு அங்க உக்காந்து பேச வராது."

மிரட்டல் இல்லை, கோபம் இல்லை. டிக்கெட் எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னாள். கையில் வேலை இல்லாதவள், ஒரே ஒரு முயற்சி கிடைத்தவள். அந்த வயல்காரர் போனில் மருந்து கேட்ட குரல் என் காதில் இன்னும் இருந்தது. "எழுதுடி. ரெண்டு பேர் பேரையும் போட்டு எழுது" என்றேன்.

பஸ்ஸிலேயே அந்தக் கல்வி நிறுவனத்துக்கு மெயில் எழுதினாள். எங்கள் விண்ணப்பத்தில் சொன்ன முடிவு தவறு, ஏன் தவறு, எப்படிக் கண்டுபிடித்தோம், அடுத்த சம்பாவில் எப்படித் திருத்துவோம் என்று நேராக எழுதினாள். மறைத்த படத்தையும் நீடாமங்கலம் படத்தையும் சேர்த்தாள். மன்னிப்பு என்று ஒரே ஒரு வரி. நான் இன்னும் கொஞ்சம் கெஞ்சலாக எழுதச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

நேர்காணலில் என்னை முதலில் அழைத்தார்கள். உள்ளே மூன்று பேராசிரியர்கள். எங்கள் மெயிலின் நகல் அவர்கள் முன்னால் இருந்தது. உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும் வரை அதைப் பற்றியேதான் கேட்டார்கள். அவளோடு பேசிப் பேசி எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். பொளந்து கட்டினேன். அடுத்து அவள் போனாள். அதற்குள் அவர்களுக்கு மெயிலைப் பற்றிக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது. நிகழ்தகவுக் கணக்காகப் போட்டுக் குடைந்திருக்கிறார்கள். அவள் பதற்றத்தில் ஒரு இடத்தில் சிக்கி, அங்கேயே நின்றுவிட்டாள்.

பட்டியல் வந்தபோது என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அவளுக்குப் போன் செய்யக் கை வரவில்லை எனக்கு. மறுநாள் அவளே வந்தாள். உம்மா செய்த தம்ரூட் இனிப்பு ஒரு டப்பா நிறைய. என் அம்மா வாயில் ஒரு துண்டு, என் வாயில் ஒரு துண்டு ஊட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவள் ஒளிக்கவும் இல்லை. "எனக்கு வருத்தமாத்தான்டி இருக்கு. ஆனா உனக்குக் கெடச்சது எனக்கு நிஜமாவே சந்தோஷம்" என்றாள். இரண்டும் உண்மை என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். நான்தான் விசித்து விசித்து அழுதேன்.

சேர்ந்து சில மாதங்கள் கழித்து, நேர்காணலில் இருந்த பேராசிரியர்களில் ஒருவர் டீ குடிக்கும்போது, "உன் மார்க்கைப் பாத்து உன்னை எடுக்கலம்மா. அந்த மெயிலைப் பாத்துத்தான் எடுத்தோம்" என்று சொன்னார். இலையை மறைத்ததும் மெயிலை எழுதியதும் யார் என்று சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "மறுபடி அப்ளை பண்ணச் சொல்லு" என்றார்.

அவள் நாகப்பட்டினத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சம்பா வந்ததும் விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய், தண்ணீர் நின்ற வயல், வடித்த வயல், நோய் வந்தது, வராதது என்று எல்லாவற்றையும் கலந்து படம் எடுத்தாள். புதிய ப்ரோகிராம் முன்னைவிட நிறையத் தப்பு செய்கிறது. ஆனால் இப்போது இலையைப் பார்த்துத் தப்பு செய்கிறது என்று பெருமையாகச் சொல்கிறாள். வாப்பாவிடம் இன்னும் ஒரு தடவை கேட்டு அனுமதி வாங்கி, இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

எங்கள் லேபுக்கு யாராவது வந்தால் என்னை ஆராய்ச்சி மாணவி என்று அறிமுகப்படுத்துவார்கள். அப்போதெல்லாம், இடம் கிடைக்காத அந்த வருடத்திலேயே ஆராய்ச்சியாளராக இருந்தவள் நாகூரில் இருக்கிறாள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் போல எனக்கு நாக்கு துடிக்கும்.