என்னை ‘சார்’ என்றவரின் லென்ஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் நான் உதவியாளராக இருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, சொட்டு மருந்து விடுவது, வந்து இறங்கும் லென்ஸ்களை உரியவரிடம் கொடுப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எண்கள் நன்றாகத் தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும்.

எங்களுக்குக் கான்டாக்ட் லென்ஸ் அனுப்பி வந்தது சென்னையில் உள்ள ஒரு சின்ன கடை. அங்கே போனை எடுப்பவர் ஓர் அம்மா. நோயாளியின் கார்டில் டாக்டர் எழுதிய அளவை நான் சொன்னால் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார். “வலது கண்ணா, இடதா? கார்டைப் பாத்து ஒவ்வொரு நம்பரா படிங்க. திரும்ப ஒருக்கா படிங்க” என்பார். சின்ன பாட்டிலில் லென்ஸ் வந்து சேர்ந்ததும் அவரே கூப்பிட்டு, “பாட்டில் மேல இன்னா எழுதிக்கீது, படிங்க” என்பார். காத்திருக்கும் கூட்டத்துக்கு முன் உரக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசும். இவனுக்குப் படிக்கத் தெரியுமா என்று சோதிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

அப்போது வேறொரு கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, “வணக்கம் சார்” என்றார். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னை சார் என்கிறார். “நம்பரெல்லாம் படிச்சினு இருக்க வேணாம் சார். கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி வுடுங்க. நாங்க செக் பண்ணித்தான் அனுப்புவோம்” என்றார். விலையும் கொஞ்சம் குறைவு.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார். “தெனமும் அவங்ககிட்ட பேசறது நீங்கதான். யார்கிட்ட வாங்கலாம், நீங்களே சொல்லுங்க.”

“புதுசா வந்தவரு நல்ல மாதிரியா பேசறாரு மேடம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரமே மாற்றிவிட்டோம்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி எங்களிடம் வருவாள். கருவிழி கூம்பு போல முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய் அவளுக்கு. கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. அவள் கண்ணின் வளைவுக்கென்றே செய்த கெட்டி லென்ஸ் போட்டால்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் சின்னச் சின்ன பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலையைச் செய்துவந்தாள். வருடத்துக்கு ஒருமுறை அந்த உற்பத்தி லைனில் இருப்பவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் லைனில் நிற்க முடியாது. பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது வலது லென்ஸ் உடைந்துவிட்டது.

புதிய கம்பெனிக்கு போட்டோ அனுப்பினேன். மூன்றே நாளில் லென்ஸ் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் வந்த நேரம் டாக்டரம்மா குன்றத்தூரில் முகாமுக்குப் போயிருந்தார். “ஷிப்ட் பஸ்ஸு போயிரும்ணே, சீக்கிரம் தாங்க” என்றாள். கொடுக்கும் முன் பாட்டிலையும் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும். செக் பண்ணித்தான் அனுப்புவோம் சார் என்ற குரல் காதில் இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். “மணல் விழுந்தாப்ல உறுத்துதுண்ணே. வலிச்சாலும் சரியாயிரும்னு போட்டுக்கிட்டே இருந்துட்டேன்.”

கருவிழியில் கீறல் விழுந்திருந்தது. அவள் கொண்டுவந்திருந்த பாட்டிலை டாக்டரம்மா எடுத்துப் பார்த்தார். கார்டில் இருந்த வளைவு வேறு, பாட்டிலில் இருந்தது வேறு. “குடுக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?” என்றார். நான் தலையாட்டினேன், இல்லை என்று.

அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். “ஸ்டாக்குல இருந்ததுல அதுதான் சார் கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு. புதுசா பண்ண பத்து நாள் ஆவும் சார்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. கிட்டத்தட்ட என்பது கண்ணுக்குள் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் பழைய அம்மாவைக் கூப்பிட்டேன். “யாரு, நீங்களா? எங்கள கழட்டி வுட்டுட்டு இப்ப இன்னா வேணும்?” என்றார். நடந்ததைச் சொன்னேன். “அந்தப் பொண்ணு அளவு எங்கிட்டயே கீது. இருந்தாலும் கார்டைப் பாத்து நீங்க படிங்க” என்றார். படித்தேன். கேட்காமலே இரண்டாவது முறையும் படித்தேன். “கூரியர நம்பாதீங்க. வியாழக்கிழமை நேர்ல வந்து வாங்கிக்கினு போங்க.” வெள்ளிக்கிழமை காலையில் பரிசோதனை; அதற்குள் கீறல் ஆறிவிடும் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினேன். லென்ஸ் தயாராகும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, “ம், படிங்க” என்றார் அந்த அம்மா. படித்து முடித்தபின், இத்தனை நாள் நான் அவரைப் பற்றி நினைத்திருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்துவிட்டார். “டாக்டருங்களையே ரெண்டு தபா படிக்க வெப்பேன். உங்கள மட்டும் சும்மா வுட்டுடுவனா?”

சாயங்காலம் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது அவள் காத்திருந்தாள். டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். கீறல் ஆறவில்லை. “இப்ப இதைப் போட்டா கண்ணே கெட்டுடும்மா. நான் லெட்டர் தரேன், குடுத்துப் பாரு” என்றார். லென்ஸ் சரியான அளவில் என் கையில் இருந்தது. போட்டுக்கொள்ளத்தான் கண் இல்லை.

தொழிற்சாலையில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடித்தாள். பிறகு மறுபரிசோதனையில் தேறி லைனுக்குத் திரும்பினாள்.

நான் ஏன் அந்தக் கம்பெனியைச் சொன்னேன் என்பதை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். “எனக்கு அவங்க வெல பிடிச்சிருந்தது, உங்களுக்கு மரியாதை. ரெண்டு பேருமேதான் தப்பு பண்ணோம்” என்றார். மறுபடி பழைய கடைக்கே மாறினோம்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவளிடம், “எல்லாம் என் தப்புதாம்மா” என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் ஒற்றைக் கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்து, “காலையிலேருந்து அலையுதியளாமே, சாப்பிட்டியளாண்ணே?” என்றாள்.

அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்ச நாளில் எனக்கு மனசு ஆறியிருக்கும். அப்படிக் கேட்டதால்தான், யார் அவசரப்படுத்தினாலும் கார்டைப் பார்க்காமல் ஒரு பாட்டிலைக்கூட என்னால் இன்றுவரை கைமாற்ற முடியவில்லை.