முதலில் குடி, பிறகு புகை

குடியை விடுவதற்காக என்னைச் சால்ட் லேக்கில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். பாலிகஞ்சிலிருந்து டாக்சியில் போகும்போது என் மனைவி வழியெல்லாம் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பத்து வருடமாகச் சொல்லி முடித்திருந்தாள்.

வாசலிலேயே பையைச் சோதித்தார்கள். ஷேவிங் லோஷனில் ஸ்பிரிட் இருக்கிறதாம், பிடுங்கிக்கொண்டார்கள். இருமல் மருந்தும் போயிற்று. சிகரெட் பெட்டியை மட்டும் மரியாதையாக எடுத்து வைத்து, தினம் ஐந்து தருவோம் என்றார்கள். அதாவது இருமல் மருந்துக்குத் தடை, இருமலுக்குத் தடையில்லை.

சிகரெட்டை வைத்துத்தான் அங்கே ஆட்சி நடந்தது. தினமும் நடக்கும் கூட்டத்தில் மனம் திறந்து அழுதால் கூடுதலாக ஒன்று. எதிர்த்துப் பேசினால் அன்று மாலை பட்டினி. வங்கியில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்தவன் நான். எந்த மேலாளரிடமும் அப்படிக் குழைந்ததில்லை. ஒரு நாள் ஒரே ஒரு சிகரெட்டுக்காக, சின்ன வயதில் என் அப்பா என்னை அடித்து நொறுக்கினார் என்று பொய் சொல்லி அழுதேன். பாவம், அவர் என்னை அதட்டியதுகூடக் கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அவர் தாதா, அதாவது அண்ணன். மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார். நுரையீரல் கெட்டுவிட்டது, சிகரெட்டை விடாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையும் விட உதவி செய்யுங்கள் என்று அவர் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் கேட்டார்.

கவுன்சிலரும் பழைய குடிகாரர்தான். விரலிடுக்கில் புகையோடுதான் உபதேசம் செய்வார். "முதல்ல குடி. சிகரெட்ட அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டையும் ஒண்ணா விட்டா மனசு தாங்காது, மறுபடி பாட்டிலத்தான் தேடுவீங்க" என்று வங்காள மொழியில் சொன்னார். தெருமுனை மருந்துக்கடையில் சிகரெட்டை விடுபவர்களுக்கான நிகோடின் சூயிங்கம் விற்றார்கள். அதைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாதா பிடிவாதக்காரர். தன் பங்குச் சிகரெட்டை என்னிடம் கொடுத்து, "நான் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பிக் குடுக்காதே" என்றார். நானும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். வாங்கியதை நானே ஊதித் தள்ளினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் கூட்டத்தில் யாரோ ஏதோ கேட்க, எரிந்து விழுந்தார். குடி திரும்பப்போவதற்கு அதுதான் அறிகுறி என்று கவுன்சிலர் கண்டுபிடித்துவிட்டார். என் பக்கம் திரும்பி, "அவருக்கு ஒண்ணு குடுங்க. இல்லாட்டி நாளைக்கு உங்களுக்கும் கிடையாது" என்றார்.

தாதா கெஞ்சவில்லை. வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினார். நான் பற்றவைத்து அவர் விரல்களுக்கு நடுவே செருகினேன். அவர் இருமிக்கொண்டே இழுத்தார், எனக்கு மறுநாள் பங்கு தவறாமல் கிடைத்தது.

வெளியே வந்து ஒன்றரை வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார், நுரையீரலால்தான். இல்லத்திலேயே நினைவுக் கூட்டம் வைத்தார்கள். "கடைசி மூச்சு வரைக்கும் ஒரு சொட்டு தொடல" என்று கவுன்சிலர் கண் கலங்கினார். வாஸ்தவம். அந்தக் கடைசி மூச்சு ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. எழுந்து இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுகூட இருந்தது.

அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. தாதாவின் மகள் என்னைத் தேடி வந்தாள். அப்பாவின் தம்பியை அழைப்பதுபோல் என்னைக் காக்கு என்றாள்.

"பாபா அடிக்கடி சொல்லுவாரு. பக்கத்துக் கட்டில்ல ஒரு தமிழ்க்காரர் இருந்தாரு, நான் சிகரெட்ட விடணும்னு அங்க நெனச்ச ஒரே ஆள் அவர்தான்னு. அது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.