கீரனூர் வகுப்பும் நார்த்தாமலைப் பாறையும்: ஒரு நர்ஸின் மூன்றாவது நேர்காணல்

மகேஸ்வரி அக்கா மூன்றாவது தடவையும் தோற்கக் கூடாது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் கீரனூருக்குக் கிளம்பியதற்கு வேறு காரணம் கிடையாது. அக்கா பதினான்கு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அயர்லாந்து வேலைக்கான வீடியோ நேர்காணலில் இரண்டு முறை கோட்டை விட்டவர். அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், அவரை ஆங்கிலத்தில் விசாரித்துக் காட்ட வேண்டும். அடுத்தது மறுநாள் ஞாயிறு காலை பதினொன்றுக்கு. அதுதான் கடைசி வாய்ப்பு என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். நான் திருச்சியில் நர்ஸ்களுக்கு மருத்துவ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். என் ஆன்லைன் வகுப்பில் அக்காவின் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கே சறுக்குகிறார்? நேரில் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காலை 7.10க்குப் புதுக்கோட்டை பஸ். கீரனூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், டிக்கெட் முப்பது ரூபாய். எதிரே வந்த பஸ்கள் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களால் பிதுங்கி வழிந்தன. எனக்கோ ஜன்னல் சீட்டே கிடைத்தது.

வகுப்பு ஒரு டியூஷன் சென்டர் மாடியில். அக்காவோடு வேலை பார்க்கும் ஐந்து நர்ஸ்களும் வந்திருந்தார்கள். நெஞ்சுவலி நோயாளியாக நான் பெஞ்சில் படுத்தேன். யாரும் சொல்லாமலே ஒருத்தி என் தலைமாட்டில் வந்து நின்றாள். அக்கா அவளைப் பார்த்து, எத்தனை நாளாக வலி, சாப்பிட்டார்களா என்று அழகான ஆங்கிலத்தில் விசாரித்தார். அவளும் பதில் சொன்னாள்! ஆறு பேரும் மாறி மாறி இதையே செய்தார்கள்.

"நோயாளி நானா, அவளா?" கத்தியே விட்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்," என்றார் அக்கா. "எங்க வார்டுல கூட வந்தவங்கதான் எல்லாஞ் சொல்லுவாங்க. படுத்திருக்கவங்ககிட்ட ஊசி போடுறப்ப மட்டுந்தான் பேசுவோம்."

அட கடவுளே! விசாரித்தால், முந்தைய இரண்டு நேர்காணலிலும் நோயாளியாக நடித்தவரிடம் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு அதோடு நின்றிருக்கிறார். மாலை வரை விடவில்லை. இருபது தடவை படுத்தேன். இருபது தடவையும் அக்காவின் கண் பக்கத்து ஆளைத்தான் தேடியது.

இரவு நார்த்தாமலையில் அக்கா வீட்டில் தங்கினேன். கீரனூரிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மலை மேலிருக்கும் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலுக்கு ஏறினோம். கோயில் முன்னால் பாறையில் மறுபடி படுத்துக்கொண்டு, "கேளுங்க" என்றேன். அதற்குள் கோயில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

"இந்தம்மாவுக்கு என்னாச்சுங்க? மயக்கமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"என்னய ஏன் கேக்குறீங்க? கண்ணத் தொறந்துக்கிட்டுத்தானே கெடக்காங்க, அவங்களையே கேளுங்கண்ணே!"

சொன்ன வேகத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். காவலாளி எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

பதினொரு மணி நேர்காணலில் நோயாளியாக நடித்தவர் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு அக்கா அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார். கதவோரம் நின்ற எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் அவர் பேசினார்.

போகிறவர்களுக்கு: மலைக்கு ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்களா? முதலில் ஒரு நாள் அவர்கள் வேலை செய்வதைப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் மூன்று மாதம் வீணடித்தேன்.

புதன்கிழமை அக்கா போன் செய்தார். தேர்வாகிவிட்டார்! நான் குதித்துக்கொண்டிருக்க, அவர் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"நேத்து வார்டுல ஒரு அம்மா, டீச்சர். வயித்துவலின்னு வீட்டுக்காரரே சொல்லிக்கிட்டிருந்தாரு. செத்த இருங்க, அவங்க சொல்லட்டும்னேன். ரொம்ப நேரங் கழிச்சு நெஞ்சத் தொட்டுக் காட்டுனாங்க. மூணு நாளா வலியாம். ஒடனே டாக்டரக் கூப்பிட்டோம், பொழச்சுக்கிட்டாங்க."

பிறகு கேட்டார்:

"பதினாலு வருசத்துல எத்தன பேர நான் கேக்காம விட்டேனோ, டீச்சர்?"