தாயம்மாளை ஏற்றாத பஸ்ஸில் காவேரிக் கரை வரை

இந்தப் பஸ் ஓடிய காலமெல்லாம் என் மனைவியை ஏற்றியதில்லை. இடம் இல்லாமல் அல்ல. பின் பெஞ்சு காலியாகக் கிடக்கும். அவள் கை காட்டுவாள். வண்டி அவள் மேல் புழுதியை இறைத்துவிட்டுப் போகும். முதலாளிக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், உள்ளே உட்கார்ந்திருந்த கனவான்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இன்று அதே பின் பெஞ்சில் அவள் படுத்துத் தூங்குகிறாள். பழைய பஸ்ஸை வாங்கி வீடாக்கிப் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். உல்லாசத்துக்காகப் போகிறவர்களுக்கும் சில விவரங்கள் கிடைக்கும். நாங்கள் உல்லாசத்துக்காகப் போகவில்லை.

தாயம்மாள் உபாத்தியாயினி பரீட்சை தேறியவள். சென்ற வைகாசியில் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவேரிக் கரையோரம் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடம். ஊரின் பேர் வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பள்ளி திறக்கும் திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவள் சேரியில் பிறந்தவள். நான் சேலத்தில் நெசவுக்காரத் தெருவில் பிறந்து, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன். புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டோம்.

வீடு தேடி இரண்டு தடவை அந்த ஊருக்குப் போனேன். பூட்டிக் கிடந்த வீடுகள் நாலு இருந்தன. ஒன்று ஒழுகுகிறதாம். ஒன்றுக்கு மச்சான் வருகிறானாம். மூன்றாவது வீட்டுக்காரர், அவர் வரையில் யோக்கியர், "உங்களுக்குன்னா இன்னைக்கே தாரனுங்க. கூட வாரவிய ஆருங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நாலாவது வீட்டுக்கு நான் போகவில்லை. சேரியில் கேட்டபோது, இடம் தருவோம், ஆனால் மறுநாளிலிருந்து எங்களை எவன் காட்டில் வேலைக்குக் கூப்பிடுவான் என்று கேட்டார்கள். திரும்பி வரும் வழியில்தான் யோசனை தோன்றியது. தெருவில் வீடு தர மாட்டார்கள் என்றால் தெரு இல்லாத வீட்டைக் கொண்டு போவோம்.

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு மூன்று பஸ்கள். அதில் ஒன்று எஞ்சின் தேய்ந்து ஓட்டத்திலிருந்து நின்று, மண்டியின் பின்கட்டில் மூட்டைகளோடு கிடந்தது. எதற்கு வேண்டும் என்று கேட்டார். கோழி வளர்க்க என்றேன். கோழிக்கு அவர் ஆட்சேபணை சொல்லவில்லை. நூற்றெண்பது ரூபாய்க்கு முடிந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்து இப்போது வேலையில்லாமல் இருந்த டிரைவர் குப்புசாமியையும் அவரே அனுப்பி வைத்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆகவே ஒப்புக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே ஒரு சந்தேகம் மனசில் தங்கிவிட்டது: அனுப்பியவர் எதற்கு அனுப்பினார்?

பதினெட்டுப் பேர் உட்காரும் வண்டி. பெஞ்சுகளைக் கழற்றினோம், பின் பெஞ்சை மட்டும் விட்டு அதோடு பலகை சேர்த்துக் கட்டிலாக்கினோம். பக்கங்களில் கித்தான் படுதா மட்டும்தான். இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்துப் படுதாவை மேலே விட்டோம். டிரைவர் முதுகுக்குப் பின்னால் அரிசி டின்னும் புஸ்தகப் பெட்டியும். படிக்குப் பக்கத்தில் தரையில் தகரம் அடித்து, அதன் மேல் குமுட்டி அடுப்பு. தண்ணீருக்கு இரண்டு குடங்கள், ஆடாமல் இருக்கச் சட்டத்தில் கட்டினோம். பலகை, தச்சுக்கூலி, பழைய டயர் இரண்டு எல்லாம் சேர்த்து எழுபத்திரண்டு ரூபாய். என் சேமிப்பும் அவள் தோடும் அதோடு தீர்ந்தன.

வாசலுக்கு உட்புறம் கறுப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது: "பஞ்சமர், தொற்று நோயாளர் ஏற்றப்பட மாட்டார்கள்." நான் சுண்ணாம்புச் சட்டியை எடுத்தேன். தாயம்மாள் தடுத்தாள். "இருக்கட்டும். வீட்டுக்கு வர்றவங்க படிச்சுட்டு உள்ள வரட்டும்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேலத்தை விட்டோம். சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல், வழியில் மல்லூர், ராசிபுரம். முதல் கஷ்டம் மல்லூரில் வந்தது. வழியெல்லாம் ஜனங்களுக்கு இந்தப் பஸ்ஸைத் தெரியும். அது வீடாகிவிட்ட சங்கதி தெரியாது. கை காட்டினார்கள், நாங்கள் நிற்கவில்லை, ஏசினார்கள். ஓரிடத்தில் மாட்டுக்கூட்டம் மறிக்க வண்டி நின்றது. ஒருவர் இரண்டு மூட்டையோடு ஏறி எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, ராசிபுரத்துக்கு ஒன்று என்று காசை என் கையில் திணித்தார். இது வீடு என்றேன்.

"ஊடா? ஊடு எப்படீங்க ராசிபுரம் போவும்?"

காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டார். அரிசி களைந்துகொண்டிருந்த தாயம்மாளைப் பார்த்து, "அம்மிணிக்கு எந்த ஊருங்க?" என்றார். அவள் ஊரைச் சொன்னாள். அதில் எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னாள். வண்டி மறுபடி நகர ஆரம்பித்திருந்தது. அந்த மனிதர் மூட்டைகளை முதலில் எறிந்துவிட்டு அதன் பின்னால் தானும் குதித்தார். காசைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை.

மல்லூரைத் தாண்டி ஒரு புளியமரம். நிறுத்தச் சொன்னாள். குப்புசாமி மரத்தைத் தாண்டித்தான் நிறுத்தினான். அவள் இறங்கி, நடந்து போய், மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். சேலத்துக்குப் படிக்கப் போன காலத்தில் தினமும் அங்கேதான் நின்றாளாம். வண்டி நிற்காது, நடந்தே போவாளாம். திரும்பி வந்து டிரைவர் பக்கமாக நின்று கேட்டாள்.

"என்னைத் தெரியுதுங்களா?"

அதுவரையில் அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன், இப்போதும் என்னைப் பார்த்தே பதில் சொன்னான். "தெரியாம என்னங்க. டெய்லி பாப்பேன்."

"பாத்துட்டேதான் போனீங்களா?"

"பாக்காம ஓட்டுனா ஆள் மேலல்ல ஏத்திருவேன்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராசிபுரத்தில் பெட்ரோல் போட்டோம். பழைய எஞ்சின், ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு மைல்தான் கொடுத்தது. நாமக்கல் வந்தபோது பதினொன்றரை மணி. கோட்டை மலையடியில் நிழல் இருக்கிறது, வண்டி நிறுத்தலாம்; குளத்தில் குளிக்கலாம், குளிக்க விடப்படுகிறவர்களாக இருந்தால். நாங்கள் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். குப்புசாமி காப்பிக் கடைக்குப் போனான். பரமத்திக்குப் புறப்பட நின்ற ஒரு பஸ்ஸின் டிரைவரோடு முதுகைக் காட்டிக்கொண்டு வெகு நேரம் பேசியதைப் பார்த்தேன். என்ன பேச்சு என்றேன். டயர் விலை என்றான்.

பரமத்தி பன்னிரண்டு மைல். அங்கே போலீஸ் ஜவான் கையை நீட்டி நிறுத்தினார். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு. காவேரிக்கு அக்கரையில் கடை திறந்திருக்கிறது. ஆகவே ஆற்றுப் பக்கம் போகிற வண்டி எதுவும் சாராயம் ஏற்றத்தான் போகிறது என்பது அவர்கள் கட்சி. கட்டிலைத் தட்டினார், அரிசி டின்னைத் தடியால் கிண்டினார், வீட்டை யாராவது ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டார். பிறகு குடங்களைக் காட்டி, அதில் என்ன என்றார்.

"தண்ணிதாங்க. சேரிக் குடம். நீங்களே தொறந்து மோந்து பாருங்க" என்றாள் தாயம்மாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. போகலாம் என்றார். வண்டி கிளம்பியபின் அவள் சொன்னாள், "பாத்தீங்களா, நம்ம வீட்டுக்குப் பூட்டே வேண்டாம்." அப்போது அதை வெறும் வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து எட்டு மைல் மண் ரோடு. ஊரை அடைந்தபோது மூன்று மணி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே வாய்க்கால் கரையில் புறம்போக்கு நிலம், அங்கே நிறுத்தினோம். நான் இறங்கிக் கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதற்குள் மணியக்காரர் குடையோடு வந்துவிட்டார். கூடத் தலையாரியும் ஏழெட்டு ஆட்களும். எங்களுக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருக்கிறது. குப்புசாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எஞ்சின் மூடியைத் திறந்து, எதையோ பிடுங்கி அரைஞாணில் முடிந்துகொண்டிருந்தான். விலை போய்விட்டான் என்று நிச்சயம் செய்துகொண்டேன்.

மணியக்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "இது என்னங்க தம்பி?"

"வீடுங்க."

"ஊடுன்னா எந்தத் தெரு ஊடுங்க?"

"தெரு கெடைக்கலீங்க. அதனாலதான் சக்கரம்."

"அப்ப பஸ்ஸு. பஸ்ஸுன்னா வரும், போவும். இங்க தங்கப்படாது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருங்க." திங்கட்கிழமை டீச்சர் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், அது அவர் கவலை இல்லையாம். மிக அருகில் எங்களுக்கு இடம் தரக்கூடிய ஊர் சேலம். ஐம்பத்திரண்டு மைல். வர முடியவில்லை என்றால் வேலை போகும். அது அவருக்கும் தெரியும்.

குப்புசாமியிடம் கிளப்பச் சொன்னார். அவன் முன்னால் வந்து இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். வேர்க்க வேர்க்கச் சுற்றினான். எஞ்சின் இருமக்கூட இல்லை. "செத்துப் போச்சுங்க. தள்ளித்தான் ஆவோணும்" என்றான்.

மணியக்காரர் தம் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். படியில் தாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். கம்பியில் அவள் புடவை காய்ந்துகொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. மாட்டைப் பூட்டி இழுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உம்ம மாட்டைக் கொண்டா என்றதும் அவர் மாடு சினையாகிவிட்டது. இன்னொருவர் மாட்டுக்கு அன்று மத்தியானம்தான் கால் நொண்டியதாம். அவள் புழங்குகிற வண்டியில் கை வைக்க அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. பரமத்தி ஜவானின் கை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தலையாரி ஓடிப்போய்ச் சேரியிலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்தான். முன்னால் வந்தவர் பேர் மாரன், நாற்பது வயசுக்காரர், துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாசலுக்கு நேரே எட்டி நின்றார்.

"சாமி, உள்ளாற என்னமோ எழுதியிருக்குதுங்களே. என்னான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்க வேண்டியிருக்கவில்லை. தாயம்மாள் எழுந்து நின்று, வகுப்பில் படிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பஞ்சமர். தொற்று நோயாளர். ஏற்றப்பட மாட்டார்கள்.

மாரன் இரண்டடி பின்னால் போனார். "பாத்தீங்களா. நாங்க கிட்டத்துல வரக்கூடாத வண்டிங்க இது. பெரிய எடத்து எழுத்து. நாங்க தொட்டு நாளைக்கு மொதலாளி வந்து கேட்டா, பொல்லாப்பு உங்களுக்குத்தானுங்களே?" முகத்தில் ஒரு மடிப்பு மாறவில்லை. பின்னால் நின்ற ஒருவன் மட்டும் திரும்பிக்கொண்டு இருமினான்.

மணியக்காரர் குடையை மடக்கினார், விரித்தார். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குப்புசாமி கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். அந்தச் சாமானைக் கொடு என்றேன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு, அது இல்லாமல் எஞ்சினில் பொறி பிறக்காது.

"இங்க இருந்தாத் தேடி எடுத்துருவாங்க. எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றான், பஸ்ஸைப் பார்த்து. எங்களுக்காகச் செய்தானா, மண்டி முதலாளி சொல்லிச் செய்தானா, இன்று வரை எனக்குத் தெரியாது. தாயம்மாள் அவனை நம்பவில்லை. "நம்மளைக் காப்பாத்தணும்னாலும் இதைத்தான் எடுத்துட்டுப் போவான். நம்மளை மாட்டி வைக்கணும்னாலும் இதைத்தான் எடுத்துட்டுப் போவான்" என்றாள். உண்மைதான். எங்களை இங்கிருந்து யாராலும் நகர்த்த முடியாது. ஒரு நாள் யாராவது தீ வைத்தால் எங்களாலும் நகர முடியாது.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். அன்று வந்தவர்கள் எல்லாம் சேரிப் பிள்ளைகள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் மணியக்காரரின் பேரன். பஸ்ஸை உள்ளே பார்க்க ஆசைப்பட்டு வந்தவன். இப்போது தவறாமல் வருகிறான்.

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு: எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், அடிச்சட்டத்தைப் பார்த்து வாங்குங்கள், நாங்கள் போய் நின்றபின் எஞ்சினுக்கு வேலை இல்லை. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், அடுப்பைக் கிழக்குப் பக்கம் வையுங்கள். படுதாவுக்கு மெழுகு பூசாவிட்டால் முதல் மழையிலேயே கட்டில் நனையும். முட்டுக்கல்லை நீங்களே கொண்டு போங்கள். டிரைவரை நம்பாதீர்கள், அல்லது ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். வாளியில் மணல் எப்போதும் இருக்கட்டும். நீங்கள் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதைப் பொறுத்து, இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணியக்காரர் வாய்க்கால் கரையோடு வந்தார். அநேகமாக வருகிறார். இன்று நான் இறங்கிப் போய் வழியில் நின்றேன். உங்கள் பேரனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள் படுப்பதற்கு இந்த ஊரில் ஒரு தெரு வேண்டும், பேரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயரை விற்கிற உத்தேசம் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன். "தெருப் பேரைச் சொல்லுங்க."

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நானும் கூடவே நடந்தேன்.

"ஒரே ஒரு தெருப் பேரைச் சொல்லுங்க."